மிளகு காய்ந்த பாறையும் அதன்மேல் எழுந்த வளாகமும்

அந்தப் பாறையை யாரும் எதற்கும் பயன்படுத்துவதில்லை என்று அரசுக்குப் போன அறிக்கையில் எழுதியவன் நான். அது பொய். தெரியாமல் எழுதிய பொய் அல்ல. எழுதுவதற்கு மூன்று வாரம் முன்பு அதே பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, பரப்பியிருந்த மிளகை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறேன். ஒரு பெண் கொடுத்த மலை வாழைப்பழத்தை அங்கே நின்றுதான் தின்றேன். பிறகு கீழே என் வீட்டுக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, 'நிலத்தின் தற்போதைய பயன்பாடு' என்ற இடத்துக்கு நேராக 'எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமவெளியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். பொது நிதி என் பாடம். மக்களின் வரிப்பணத்தை எதில் போடலாம், போட்டது திரும்பி வருமா, வந்தால் யாருக்கு வரும் என்பதையெல்லாம் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவேன். ஓர் ஊரின் நடுவில் அரசு பெரிய கட்டடம் கட்டினால் அந்த ஊர் வளர்ந்துவிடுமா என்று ஆண்டுதோறும் தேர்வில் ஒரு கேள்வி கொடுப்பேன். அதைக் கட்டாமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதே நான் எதிர்பார்த்த விடை. அதை எழுதாதவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, திட்ட அறிக்கைகள் தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனம் என்னைத் தேடி வந்தது. கொல்லிமலையில் ஒரு வணிக வளாகம் கட்ட அரசு யோசிக்கிறது, அதில் போடும் பணத்துக்குப் பலன் இருக்கிறது என்று காட்டும் பகுதியை நான் எழுதித் தர வேண்டும் என்றார்கள். உடனே சம்மதித்தேன். கல்லூரி வாசலில் புதிய காவலாளி என்னை நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட ஆண்டு அது. என்னிடம் யாராவது எதையாவது கேட்டால் போதும் என்று இருந்தேன்.

இடம், சோளக்காட்டைத் தாண்டி பஸ்கள் திரும்பி நிற்கும் ஒரு முக்கு. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பேங்க், இரண்டு டீக்கடைகள், சனிக்கிழமை சந்தை, இவ்வளவுதான் அங்கே. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் அதைப் பாதி கேலியாக 'டவுன்' என்பார்கள். அந்த டவுனின் நடுவில் இரண்டு மாடிகளில் கடைகள், விவசாயிகளுக்குக் கூரை போட்ட விற்பனைக் கூடம், கழிப்பறை, கார் நிறுத்துமிடம், மொட்டைமாடியில் சுற்றுலாப் பயணிகள் நின்று மலையைப் பார்க்க ஒரு தளம். இதுதான் திட்டம்.

நான் போனது மாசி மாதம். முக்கின் கிழக்கே ரோட்டை ஒட்டி ஒரு பெரிய தட்டைப் பாறை இருந்தது. பாறை முழுக்க மிளகு. பச்சையும் பழுப்பும் கறுப்புமாக, பாய் பாயாக. ஒருவர் பரப்பிய கண்டத்துக்கும் அடுத்தவர் கண்டத்துக்கும் நடுவில் கூழாங்கற்களால் வரிசை வைத்திருந்தார்கள். பாதிக் கண்டங்களுக்கு அதுவும் இல்லை, பாறையில் ஓடிய வெடிப்பே எல்லை.

அங்கே ஏன் காய வைக்கிறார்கள் என்பது எனக்கு முதல் நாளே புரிந்தது. மிளகுக்கொடி அங்கே சில்வர் ஓக் மரங்களில் ஏறுகிறது. கீழே காபி, நடுவே வாழை, பலா. வீட்டைச் சுற்றி எங்கும் நிழல். காலையில் பனி விலகவே பத்து மணி ஆகிவிடும். மிளகு காய நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். சுற்று வட்டாரத்தில் விடிந்த உடனே வெயில் விழுவது அந்தப் பாறையில் மட்டும்தான். சந்தைக்கு மக்கள் வருவதற்கும் அதுவே காரணம் என்று பிறகு நினைத்துப் பார்த்தேன். மற்றச் சந்தைகளில் சரக்கு இருக்கும். இந்தச் சந்தையில் வெயில் இருந்தது.

அவர்களிடம் ஒரு முறை இருந்தது. எல்லோரும் நாள் முழுக்கக் காவல் இருக்க மாட்டார்கள். ஓர் ஊருக்கு ஒரு நாள் என்று வைத்து, அந்த ஊரிலிருந்து ஒரு பெண் தங்கி எல்லோருடைய மிளகையும் காலால் துழாவி விடுவார். சாயங்காலம் குவித்துச் சாக்கால் மூடிக் கல் வைப்பார். அவருக்குக் கூலி கிடையாது, அடுத்த நாள் இன்னொருவர். குவித்துவைத்ததை யாரும் தொடுவதில்லை. சனிக்கிழமை கீழேயிருந்து வியாபாரிகள் வந்து பாறையிலேயே ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார்கள். சலசலவென்று சத்தம் வந்தால் முழு விலை.

அன்று முறையில் இருந்தவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண். கணவர் இல்லை. மலையில் திருப்புலி நாடு எனப்படும் பகுதியில் சிறு தோட்டம், நாற்பது மரங்களில் கொடி. காலை இழுத்து இழுத்து மிளகுக்குள் நடந்துகொண்டிருந்தவர் நின்று என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், அளக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?"

"சும்மா பார்க்க வந்தேம்மா."

"பாக்கறதுக்குக் காசில்லீங்க. கால்ல ரெண்டு மொளகு ஒட்டும், அதை மட்டும் உதறிட்டுப் போயிருங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு பழம் கொடுத்தார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சாமையும் குச்சிக்கிழங்கும் வயிற்றுக்கு, மிளகுதான் மற்ற எல்லாவற்றுக்கும் என்றார். கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கட்டடம் வருதுன்னு பேசிக்கறாங்க. பாறைய ஒண்ணும் பண்ணிற மாட்டாங்கள்ல சார்?"

"பாறையை என்னம்மா பண்ணப் போறாங்க" என்றேன்.

என் தோள்பையில் வரைபடம் இருந்தது. அதில் கட்டடம் அந்தப் பாறையின் மேல்தான் நின்றது.

வீட்டுக்கு வந்து முதலில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். இரண்டு நாள் கழித்து நிறுவனத்தின் பொறியாளர் போன் செய்தார். மரியாதையான பிள்ளை.

"சார், பாறையில மிளகு காய வைக்கிறாங்கன்னு போட்டா அவங்களுக்கு மாத்து இடம் காட்டணும். மலையில வெயில் படுற மட்டமான இடம் எங்க சார் இருக்கு? மண்ணை வெட்டிச் சமன் பண்ணணும், தாங்குசுவர் கட்டணும். அந்தச் செலவையும் சேர்த்தா உங்க கணக்கு தேறாது."

நான் மேசையில் கிடந்த அந்தப் பத்தியை மறுபடி பார்த்தேன்.

"வருஷத்துல ரெண்டு மூணு மாசம்தான சார் காய வைக்கிறாங்க? மத்த நாள்ல அது வெறும் பாறைதானே?"

அவர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. 'உங்க கணக்கு' என்றார், அவ்வளவுதான். என் கணக்கு தேறாமல் போவது எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் பாறை என்ற சொல் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய உண்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தப் பத்தியை அடித்துவிட்டு 'எதுவும் இல்லை' என்று எழுதினேன். இதோடு நிற்கவில்லை. ஆடி மாதத் திருவிழாவுக்கு மலை ஏறும் கூட்டத்தை வைத்து, ஆண்டு முழுவதும் வளாகத்துக்கு வரப்போகும் மக்களைக் கணக்கிட்டேன். ஒரு மாணவன் இதைச் செய்திருந்தால் தாளை எறிந்திருப்பேன்.

பாறையில் துளை போட்டு உடைத்தார்கள். கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்து, மேடையில் நாலாவது நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இறங்கி வரும்போது கூட்டத்தின் ஓரத்தில் அந்தப் பெண் நின்றிருந்தார். கூட இன்னும் சிலர்.

"சார், துண்டு நல்லாருக்குதுங்க" என்றார். "நல்லா விரிச்சா ஒரு படி மொளகு காயப் போடலாமாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் காரில் ஏறினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இது நடந்து ஓராண்டுக்குள் என் மனைவி இறந்துபோனாள். கீழே வெக்கையும் வெறும் வீடும் தாங்க முடியவில்லை. பழைய மாணவர் ஒருவர் மலைமேல் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். அந்த முக்கிலிருந்து நடந்துபோகும் தூரம். பால் வாங்கவும் பஸ் ஏறவும் வளாகத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்பதை வந்த பிறகே யோசித்தேன். ஆகவே நான் எழுதிய திட்டம் எப்படி நடக்கிறது என்பதைத் தினமும் இரண்டு முறை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னைப் போல அறிக்கை எழுதும் பலருக்கு இது கிடைப்பதில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு செல்போன் கடை, ஒரு பேக்கரி, சுற்றுலாக்காரர்களுக்குத் தேனும் காபித்தூளும் விற்கும் ஒரு கடை. அந்தக் கடையில் பாக்கெட் மிளகும் உண்டு. அது கீழே மொத்தக் கடையிலிருந்து வருகிறது. மேல்தளக் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தன. ஏலம் எடுத்தவர்கள் ஓராண்டு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். திருவிழா நாள்களில் மட்டும் நிற்க இடம் இருக்காது. மற்ற நாள்களில் கார்கள் வரும், கழிப்பறைக்குப் போவார்கள், டீ குடிப்பார்கள், அருவியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மொட்டைமாடித் தளத்துக்குக் கட்டணம் வைத்திருந்தார்கள். மலைமேல் நின்றுகொண்டு மலையைப் பார்க்க யார் பணம் கொடுப்பார்கள்? சில மாதங்களில் படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

விற்பனைக் கூடத்தில் பெண்கள் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தார்கள். நல்ல கூரை, நல்ல நிழல். அவர்கள் வீட்டில் இருந்ததும் அதே நிழல்தான். பிறகு மிளகை ரோட்டில் கொட்ட ஆரம்பித்தார்கள்.

நான் மலைக்கு வந்த முதல் மாசியில், தார் ரோட்டின் ஓரத்தில் அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன். மலையில் ஓடும் பஸ்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். வெளியூர்க் கார்கள் ஒதுங்கவில்லை. ஒரு கார் நடுவில் ஏறிப் போனது. அவர் குனிந்து நசுங்கியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"காரு ஏறுனா தோலு உரிஞ்சு வெள்ளையாப் போயிருதுங்க சார். யாவாரி கையில தொட மாட்டேங்கறான்" என்றார். நிமிராமலேயே பேசினார். "இப்புடியே போனா கொடியோட குத்தகைக்கு உட்ற வேண்டியதுதான். அவன் ஆள் வெச்சுப் பறிச்சு ஈரத்தோட லாரியில ஏத்திக்குவான். நாம நம்ம தோட்டத்துலயே கூலிக்குப் போவோணும். எத்தன நாள் தள்ளறேன்னு பாப்போம்."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்தார்.

"கழிப்பறை நல்லாத்தான் கட்டியிருக்காங்க. அதைக் கொறை சொல்ல மாட்டேன். சந்தைக்கு வார பொம்பளைங்க முன்னால பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனா ஏனுங்க சார், நீங்கதான் வந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுப் போனீங்களே. அந்தக் காயிதத்துல எங்களப் பத்தி என்னதான் எழுதுனீங்க?"

சொல்லியிருக்கலாம். ரோட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"நான் எல்லாத்தையும் எழுதித்தாம்மா கொடுத்தேன். மேல இருக்கறவங்க கேக்கல" என்றேன்.

அவர் என்னை நம்பினார். "உங்களச் சொல்லி என்ன பண்ண, சார்" என்று ஆறுதல் வேறு சொன்னார். அறிக்கையில் எழுதிய பொய்யை நிறையக் காரணம் காட்டி நியாயப்படுத்திவிட முடியும். இந்தப் பொய்க்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அவர் முகத்தில் என்மேல் இருந்த மரியாதை போய்விடக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பொய்யோடு அந்த மிளகுப் பருவமும் அடுத்த பருவமும் கழிந்தன. ரோட்டில் காயப்போடக் கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவரையும் ரோட்டில் காணவில்லை. வேறு வழி பார்த்துக்கொண்டார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

என்னைப் பேசவைத்தது ஓர் அழைப்பு. பக்கத்து மாவட்டத்தில் மலையடிவார ஊர் ஒன்றில் இதே மாதிரி வளாகம் கட்டப்போகிறார்கள், கொல்லிமலை அறிக்கையை மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா என்று அதே நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். அந்த ஊரின் நடுவிலும் ஏதோ ஒரு வெறும் இடம் இருக்கும், அதில் யாரோ எதையோ செய்துகொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அந்த அறிக்கை பொய் என்றேன். வாய்விட்டுச் சொன்ன முதல் தடவை அது. சொன்ன பிறகு மலையில் இருப்பவர்களிடம் சொல்லாமல் இருப்பது அசிங்கமாகப்பட்டது.

அடுத்த கிராம சபைக் கூட்டம் அந்த விற்பனைக் கூடத்தில்தான் நடந்தது. நான் எழுந்து, அறிக்கையின் அந்தப் பக்கத்தை வாசித்தேன். எழுதியது நான்தான், மேலே யாரும் மாற்றவில்லை, பாறையில் நடந்தது எல்லாம் தெரிந்தே எழுதினேன் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"சாரு இப்பத்தான் கண்ணாடி போட்டிருக்காராட்டம்."

சிலர் சிரித்தார்கள். முன்னால் இருந்த ஒரு வயதான விவசாயி சிரிக்கவில்லை.

"செரிங்க சார். இப்ப இந்தக் கட்டடத்த இடிச்சுப்போட்டுப் பாறைய மறுக்கா வெச்சுத் தருவீங்களா?"

"முடியாதுங்க."

"அப்பறம் எதுக்குங்க இதை எங்ககிட்ட சொல்றீங்க? உங்க மனசு ஆறவா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதையும் ஒப்புக்கொண்டேன். பிறகு நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மொட்டைமாடி பூட்டிக் கிடக்கிறது. நாள் முழுக்க வெயில் விழுகிறது. மிளகு மாதங்களில் அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்கலாம். பாறையில் கால்வாசி இடம்கூட வராது, ஆனால் கார் ஏறாது. ஊராட்சித் தலைவர் தீர்மானம் போட்டார். அதோடு சேர்த்து, நான் எழுதியது பொய் என்ற கடிதத்தை என் கையெழுத்தில் சம்பந்தப்பட்ட எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினேன். எனக்கு ஏதாவது தண்டனை வரும் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். ஒன்றும் வரவில்லை. ஓர் அலுவலகத்தில் மட்டும் ஓர் எழுத்தர், "அந்த ஃபைல் முடிஞ்சு போச்சு சார், இதை எதுல கோக்கறதுன்னு தெரியல" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

அலைந்து அலைந்து கடைசியில் அனுமதி வந்தது. தை முதல் பங்குனி வரை, ஒரு பருவத்துக்கு மட்டும், சாவி என் பொறுப்பில். விடிந்ததும் போய்க் கதவைத் திறப்பேன். மூட்டையோடு இரண்டு மாடி ஏற முடியாதவர்களுக்காக மாடிச் சுவரில் ஒரு கப்பி மாட்டிக் கயிறு போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் ஏழு பேர் வந்தார்கள். அப்புறம் பன்னிரண்டு. பாறையில் இருந்த முறையை மாடியிலும் வைத்துக்கொண்டார்கள். காய வைக்க வரும் ஊர்கள் குறைந்துபோனதால் வாரத்தில் ஒரு நாளுக்கு ஆள் இல்லை. அந்த நாளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் குவிக்க நேரம் கழித்துவிட்டேன். பனி இறங்கி மேலாக நனைந்துவிட்டது. மறுநாள் காலையில் ஒரு பெண் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், மொளகுக்குப் பாடம் நடத்திட்டு இருந்துட்டீங்களா?"

"நேரம் தெரியாமப் போச்சும்மா."

"பாடம் நடத்துனா நடத்துங்க. வெயில் எறங்கறதுக்குள்ள மணி அடிச்சிருங்க."

அவர்கள் என்னை மன்னித்தார்களா என்று தெரியாது. திட்டுவதற்கு அருகில் வந்தார்கள், அது எனக்குப் போதுமாக இருந்தது. மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அந்த மகிழ்ச்சி ஒரு மாதம் நீடித்தது.

பாறையில் எனக்குப் பழம் கொடுத்தவர் மாடிக்கு வரவே இல்லை. ஒரு சந்தை நாளில் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அவரைப் பார்த்தேன். தலையில் ஒரு மூட்டை. முக்கில் நின்ற வியாபாரியின் மினி லாரியில் அதை இறக்கினார். மூட்டையின் அடி நனைந்திருந்தது. கிட்டே போனேன்.

"மாடி திறந்திருக்கும்மா. நீங்க வரவே இல்லையே."

"கேள்விப்பட்டனுங்க. நீங்க சபையில பேசுனதும் சொன்னாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "எங்கிட்டக் காய வெக்க என்னங்க இருக்குது? இது யாவாரி மொளகு. போன வருசத்துக்கு முந்துன வருசமே கொடியெல்லாம் அஞ்சு வருசக் குத்தகைக்கு எழுதிக் குடுத்தாச்சு. நான் பறிக்கற ஆளு."

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ரோட்டில் நான் அவரிடம் பொய் சொன்னது மாசியில். அந்தப் பருவம் முடிந்ததும் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று ரோட்டில் உண்மையைச் சொல்லி, அந்த மாதமே மாடியைக் கேட்கப் போயிருந்தால் அடுத்த தைக்குள் கதவு திறந்திருக்கும். பாறை போனதற்குப் பொறியாளர், அதிகாரிகள், நிறுவனம் என்று பங்குபோட ஆள் இருக்கிறது. இந்த ஐந்து ஆண்டுக்கு நான் ஒருவன்தான்.

அவரிடம் அதைச் சொன்னேன். அன்று ரோட்டில் சொன்னது பொய் என்று. அவர் லாரிக்காரர் கொடுத்த காலிச் சாக்கை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அது அப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"ம்" என்றார். சாக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மறுவாரம் அந்த வியாபாரியைத் தேடிப் போய், குத்தகையைப் பாதியில் முறித்துக்கொள்ள என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்து, எழுத்து எழுத்துதான் என்று அனுப்பிவிட்டார். செய்தி அந்தப் பெண்ணின் காதுக்குப் போனது. நான் மாடியில் இருந்தபோது கீழே வந்து நின்று கூப்பிட்டார். இறங்கினேன்.

"ஏனுங்க, எனக்காகப் பேசச் சொல்லி நான் உங்ககிட்டக் கேட்டனுங்களா?"

"இல்லம்மா."

"நான் குடுத்தது என் கையெழுத்து. இன்னும் மூணு வருசம் அவங்கிட்டத்தான் எனக்குக் கூலி. வாத்தியார அனுப்பிக் கெஞ்சுறேன்னு அவன் நெனைக்க மாட்டானா? அன்னிக்குக் கேக்காம எழுதுனீங்க. இன்னிக்குக் கேக்காமப் பேசுறீங்க. ரெண்டும் எனக்கு ஒண்ணுதானுங்க."

தலை குனிந்து நின்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் பேசுவதில்லை. ஒதுங்கிப் போவதும் இல்லை. சந்தையில் வழியில் நிற்கும் ஒரு கம்பத்தைச் சுற்றிப் போவது போல என்னைச் சுற்றிப் போகிறார்.

இந்த ஆண்டும் அனுமதி கிடைத்தது. கூரையில் ஈரம் இறங்கும் என்று ஒரு பொறியாளர் ஆட்சேபித்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று மாடியிலேயே பெண்களை உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டு இடத்தில் அவர்கள் திருத்திய பிறகே அனுப்பினேன். வளாகம் போட்ட பணத்துக்குப் பலன் தந்ததா என்று யாராவது இன்று என்னிடம் கேட்டால், கழிப்பறையையும் மூன்று மாத மொட்டைமாடியையும்தான் காட்ட முடியும். இரண்டாவது, திட்டத்தில் இல்லாதது.

போன வாரம் என் முறை. வெயில் ஏறியதும் பெண்கள் மிளகைக் கொட்டிப் பரப்பினார்கள். இடம் போதாமல் ஒருவர் கண்டத்தின்மேல் ஒருவர் கண்டம் ஏறிக் கிடந்தது. ஆனால் தென்கிழக்கு மூலையில், முதல் வெயில் விழும் இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குத் தரையை விட்டிருந்தார்கள். நான் ஒரு மூட்டையை அங்கே இழுத்துப் போனேன்.

"அங்க வேண்டாமுங்க சார்."

"ஏம்மா, இடம் இல்லாம நெருக்குதே."

"அது அவுங்க எடம். ரெண்டு வருசம் கழிச்சு வருவாங்கள்ல."

யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "அவங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்னங்க? நீங்க போயி சொல்லிறாதீங்க" என்று அந்தப் பெண் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதை மேற்கு ஓரத்துக்குத் தூக்கிப் போனோம்.